ஈரமும் மௌனமும்: ஒரு சாராய மலையின் புதினம்



சில நூல்களின் தலைப்பே அவற்றைத் தமிழில் பேசப் புகுவோரைச் சற்று நிறுத்திவிடும். அமெரிக்க எழுத்தாளர் மாட் பாண்டுரண்ட் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினம் அத்தகையது. 'உலகிலேயே ஈரம் மிக்க மாவட்டம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அந்நாட்டு அரசியல் வழக்கில் மதுவுக்கு இடந்தரும் நிலம் ஈர நிலம். மதுவை விலக்கிய நிலம் வறண்ட நிலம். நாடு முழுவதும் சட்டப்படி வறண்டு கிடந்த காலத்தில் சாராயம் ஆறாய் ஓடிய ஒரு மலைப்புறத்தைச் சுட்டும் எள்ளல் அத்தலைப்பில் உள்ளது. தமிழ்ச் செவிக்கோ ஈரம் என்பது வேறொன்று. ஈர நெஞ்சம் என்கிறோம். ஈரமற்ற சொல் என்கிறோம். வள்ளுவர் வழக்கிலும் ஈரம் அன்பைக் குறிக்கும். ஆங்கில ஆசிரியர் கனவிலும் கருதியிராத இந்த இரண்டாம் பொருள் அந்நூலுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்தி வருகிறது. சாராயம் பெருகிய அம்மண்ணில் மனித ஈரம் எவ்வளவு எஞ்சியிருந்தது என்னும் வினா கதை முழுவதும் உள்ளுறையாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

குற்றப் புதினம் என்னும் வகை இலக்கிய அரங்குகளில் பெரும்பாலும் வாயிலிலேயே நிறுத்தப்படுவது. தொடர்வண்டிப் பயணத்தில் படித்துவிட்டு, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டு வருவதற்குரியது என்பது பொதுக்கருத்து. கொலை, துப்பு, தண்டனை என்னும் மூன்று முளைகளைச் சுற்றியே மேயும் நூல்களைப் பொறுத்தவரை அக்கருத்தில் பெரும்பிழையில்லை. இப்புதினத்திலும் துப்பறிபவர் ஒருவர் வருகிறார். ஆனால் அவர் காவலர் அல்லர்; எழுத்தாளர். துப்பும் அவருக்குக் கிட்டுவதில்லை, தோற்றுத்தான் திரும்புகிறார். அந்தத் தோல்வியைக் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தமையால்தான் இது கவிஞர்கள் அவையில் பேசுதற்குரிய நூலாகிறது.

கதைக்களம் வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடியில் உள்ள ஃபிராங்க்ளின் மாவட்டம். ராக்கி மவுண்ட் என்னும் சிற்றூர் அதன் தலைமையிடம். தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் அளவுகோலால் அயல்மொழிப் புதினத்தை அளப்பது பல வேளைகளில் வலிந்து பொருத்துவதாக முடியும். இங்கே அந்த இடர் இல்லை. நிலமே தொழிலைத் தந்தது. தொழில் குணத்தைத் தந்தது. மலைச்சரிவில் மக்காச்சோளம் விளையும். ஆனால் மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டு செல்லப் பாதை இல்லை. இருந்தாலும் வண்டிக்கூலி விளைச்சலின் விலையை விழுங்கிவிடும். அதே சோளத்தை ஊறவைத்து வடித்தால் பல மூட்டைகள் சில குடங்களுக்குள் அடங்கிவிடும். குளிர்ந்த ஓடைநீர் உண்டு, விறகு உண்டு, புகையை மறைக்கக் காடு உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடபகுதிக்குச் சென்று, அங்கிருந்து கடல் கடந்து வந்து அம்மலைகளில் குடியேறியோர் வடிக்கும் கலையையும் உடன் கொண்டு வந்திருந்தனர். 1791ஆம் ஆண்டில் கூட்டாட்சி அரசு மதுவுக்கு வரி விதித்தது. அதனை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியாவில் உழவர் கிளர்ந்தெழ, 1794இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் படைகொண்டு அடக்க நேர்ந்தது. ஆகவே மதுவிலக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, சட்டத்தின் கண்ணில் களவாக இருந்தது மலைவாழ் மக்களின் கண்ணில் பாட்டன் தந்த தொழிலாக இருந்தது.

அத்தொழிலின் நுணுக்கங்களைப் புதினம் விரிவாகவே காட்டுகிறது. சோள மாவும் முளைகட்டி அரைத்த தானியமும் சர்க்கரையும் நீரும் கலந்து ஊறல் போடுவர். ஈஸ்ட் அதனைப் பொங்கச் செய்யும். பொங்கி அடங்கிய ஊறலைச் செப்புக் கொப்பரையில் ஏற்றி அளவாகத் தீ எரித்தால், ஆவி எழுந்து சுருள் குழாய் வழியே இறங்கும். குழாய் ஓடைநீர் நிறைந்த தொட்டிக்குள் கிடக்கும். குளிர்ந்த ஆவி சொட்டுச் சொட்டாகச் சாராயமாகும். முதலில் வடிவது குடிக்கத் தகாதது, கொட்டிவிட வேண்டும். கடைசியில் வடிவது நீர்த்துப் போனது. நடுவில் வருவதே சரக்கு. கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் குலுக்கி, மேலே எழும் குமிழிகளின் பருமனையும் அவை நிற்கும் நேரத்தையும் கொண்டு வீரியத்தைக் கணிப்பர். புகை காட்டிக்கொடுக்கும் என்பதனால் வேலை இரவில் நடக்கும். கள்ளச்சாராயத்துக்கு ஆங்கிலத்தில் 'நிலவொளி' என்னும் பெயர் வழங்குவது இதனாலேயே என்பர். பெயரின் அழகில் கவிஞர்கள் ஏமாந்துவிடலாகாது. செப்புக்குப் பதிலாகக் கிடைத்த தகரத்தையும் ஈயப் பற்றுவைத்த குழாய்களையும் கொண்டு வடித்த நிலவொளியைக் குடித்து உடல் நலிந்தோரும் உயிர் துறந்தோரும் பலர்.

வர்ஜீனியா 1916 நவம்பரிலேயே மதுவை விலக்கிவிட்டது. நாடு முழுமைக்குமான விலக்கு 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பர் 5 அன்று நீங்கியது. விலக்கு வந்ததும் நகரங்களின் தாகம் மலைகளைத் தேடி வந்தது. குடிசைத் தொழிலாக இருந்தது ஆலைத்தொழில் போலாயிற்று. 1935ஆம் ஆண்டில் ரோனோக் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த பெருஞ்சதி வழக்கில் வெளிவந்த கணக்கு ஒன்று உண்டு. வழக்குக்கு முந்திய சில ஆண்டுகளில் ஃபிராங்க்ளின் மாவட்டத்துக்குள் சென்ற சர்க்கரை ஏறத்தாழ 3 கோடியே 38 இலட்சம் பவுண்டு. மாவட்டத்தின் மக்கள்தொகையோ 24 ஆயிரத்துச் சொச்சம். தலைக்கு ஏறத்தாழ 1,400 பவுண்டு! அவ்வளவும் பலகாரத்துக்கு என்று எந்த வழக்கறிஞரும் வாதிட்டிருக்க இயலாது. அதற்கு முன்பே, மதுவிலக்கின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட விக்கர்ஷாம் ஆணையத்தின் ஆவணங்கள், அம்மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஏதோ ஒரு வகையில் இத்தொழிலோடு தொடர்புடையோர் எனச் சொல்லப்படுவதாகக் குறித்திருந்தன.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் செய்வதைக் குற்றம் என்று எவ்வாறு சொல்வது? இவ்விடத்தில்தான் பாண்டுரண்ட் தம் புதினத்தின் குற்றம் எதுவெனத் தெளிவாகத் தேர்ந்துகொள்கிறார். காய்ச்சுவது அவர் காட்டும் குற்றமன்று. காய்ச்சுவோரிடம் கொப்பரைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வரி போலத் தண்டிய சட்டக் காவலரின் கூட்டே அவர் காட்டும் குற்றம். பணம் கட்டியவனின் வண்டி தடையின்றிப் போகும். கட்டாதவனின் கொப்பரையைக் கோடரி பிளக்கும். அரசுக்குக் கட்ட மறுத்த வரியை அரசின் ஆட்களுக்கே திருட்டுத்தனமாகக் கட்ட நேர்ந்தது அம்மக்களின் விதி. கதையில் வரும் பாண்டுரண்ட் உடன்பிறந்தார் மூவரும் அதனைக் கட்ட மறுக்கின்றனர். மறுப்பதற்கு அவர்கள் பெரிய கொள்கை எதனையும் கூறுவதில்லை. வீரவசனம் பேசாத நாயகர்களைக் காண்பதே ஓர் ஆறுதல்.

மூவருள் மூத்தவன் ஹோவர்ட், பேருருவினன், முதல் உலகப் போருக்குச் சென்று மீண்டவன், குடியில் ஆழ்ந்தவன். அடுத்தவன் ஃபாரஸ்ட், சொற்சிக்கனம் உடையவன், அச்சமறியாதவன் என ஊர் நம்பும் மனிதன். இளையவன் ஜாக். போருக்குப் பின் பரவிய கொடிய விஷக்காய்ச்சலில் தாயும் சகோதரியரும் இறந்துபட்ட வீடு அது. நூலின் தொடக்கத்தில் சிறுவன் ஜாக் பன்றி ஒன்றைக் கொல்லப் பணிக்கப்படுகிறான். அவனால் அக்காரியத்தைச் செவ்வனே முடிக்க இயலவில்லை. வலியோடு நிற்கும் அவ்விலங்கும் கை தளர்ந்து நிற்கும் அச்சிறுவனும் வாசகர் மனத்தை விட்டு அகலமாட்டார்கள். பின்னர் அவன் புதுக்கார் வாங்குவதும், நகரத்து உடை அணிவதும், அண்ணன்மாரைப் போல் அஞ்சப்பட விழைவதும் எல்லாம் அந்தப் பன்றியின் முன் தான் பட்ட வெட்கத்தை மறைக்கவே என்று கருதத் தோன்றுகிறது. கொல்ல இயலாத கையை அக்குடும்பம் ஒரு குறையாகக் கண்டது. புதினம் அதனையே ஈரமாகக் காண்கிறது.

ஜாக் விரும்பும் பெர்த்தா டங்கர்டு என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்த குடும்பத்துப் பெண், மாண்டலின் வாசிப்பவள். எளிய உடையும் போர் மறுப்பும் ஒருவர் பாதத்தை மற்றொருவர் கழுவும் சடங்கும் அப்பிரிவினரின் மரபுகள். அவர்களுடைய வழிபாட்டு மன்றத்துக்குள் ஜாக் குடித்த நிலையில் புகுந்து தலைகுனிவுக்கு ஆளாகும் பகுதி நகைச்சுவை போலத் தொடங்கும். ஆயினும் ஒரே மாவட்டத்தில் ஓடிய இருவகை ஈரங்களும் ஒன்றையொன்று நேருக்கு நேர் காணும் இடம் அது. இத்தகைய இடங்கள் இன்னும் சில இருந்திருக்கலாம்.

வன்முறையைப் பற்றிச் சொல்லாமல் இந்நூலைப் பேச இயலாது. கழுத்து அறுபட்ட ஃபாரஸ்ட், காயத்தைக் கையால் பொத்திக்கொண்டு, உறைபனியில் நடந்தே மருத்துவமனை சேர்ந்தான் என்பது ஊர் சொல்லும் கதை. எப்படி நடந்திருக்க முடியும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் கதை போய்விடும். சாவுக்கு அகப்படாதவன் என்னும் பெயரே ஃபாரஸ்டுக்குக் கவசமாகிறது. அக்கவசமே அவனை வெட்டவெளியில் நிறுத்தவும் செய்கிறது. ஒரு மனிதன் தன்னைப் பற்றிய கதைக்குள் எவ்வாறு சிறைப்படுகிறான் என்பதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய குற்றப் புதினங்கள் மிகச் சில. 1930 டிசம்பரில் மாகடி ஓடைப் பாலத்தில் துணை ஷெரீப்புகள் வழிமறிக்க, ஜாக்கும் ஃபாரஸ்டும் குண்டடிபடும் நிகழ்ச்சி உண்மையில் நடந்தது. துப்பாக்கி ஏந்தி நின்றவர்கள் வேற்றூர்ப் பகைவர் அல்லர், அதே மாவட்டத்தார், முகமறிந்தவர்கள்.

இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டில் ஜான் ஹில்கோட் இயக்கத்தில் இப்புதினம் திரைப்படமாயிற்று. திரைக்கதை எழுதியவர் பாடலாசிரியர் நிக் கேவ். படத்தில் சார்லி ரேக்ஸ் என்னும் கொடுங்காவலன், வாசனைத் தைலமும் கையுறையுமாகச் சிகாகோவிலிருந்து வந்திறங்கும் அந்நியன். புதினத்திலோ அவன் உள்ளூர்த் துணை ஷெரீப். திரையில் இந்த மாற்றம் சுவை கூட்டியிருக்கலாம். ஆனால் தீமை வெளியிலிருந்து வந்தது என்று சொல்லி ஊரை மன்னித்துவிடும் வசதியைப் பாண்டுரண்ட் தமக்கோ வாசகருக்கோ தரவில்லை. தேவாலயத்தில் அடுத்த இருக்கையில் அமர்பவனே பாலத்தில் துப்பாக்கியோடு நிற்கிறான் என்பதே நூலின் நடுக்கம். திரைப்படம் அதனை இழந்தது. எழுத்தாளரையும் அது அடியோடு நீக்கிவிட்டது.

அந்த எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன். 1919இல் வெளிவந்த 'ஒயின்ஸ்பர்க், ஓஹியோ' என்னும் கதைத்தொகுதியால் அமெரிக்கச் சிறுகதையின் போக்கையே மாற்றியவர். இளைஞராக இருந்த ஃபாக்னருக்கு வழிகாட்டியவர். தாம் கைதூக்கிவிட்ட ஹெமிங்வேயே 1926இல் தம்மைக் கேலி செய்து ஒரு சிறுநூல் எழுதக் கண்டவர். புகழ் தேய்ந்து வந்த நாளில், 1927இல், வர்ஜீனியாவின் மேரியன் என்னும் சிற்றூரில் இரண்டு செய்தித்தாள்களை வாங்கி நடத்தினார். சாராய மலைகளைப் பற்றி 'லிபர்ட்டி' இதழில் அவர் எழுதிய கட்டுரை 1935இல் வெளிவந்தது. புதினத்தின் தலைப்புக்கு வித்து அக்கட்டுரையில் அவர் ஆண்ட தொடரே. 1934ஆம் ஆண்டில் அவர் ஃபிராங்க்ளின் மாவட்டத்தில் செய்தி தேடி அலைவதாகப் பாண்டுரண்ட் புனைந்து, உடன்பிறந்தார் கதையின் இடையிடையே அப்பகுதிகளைச் செருகியிருக்கிறார்.

ஒயின்ஸ்பர்க் கதைகளை அறிந்தோர்க்கு இதிலுள்ள முரண் உடனே புலப்படும். அத்தொகுதியில் ஜார்ஜ் வில்லார்ட் என்னும் இளம் செய்தியாளன் ஒருவன் உண்டு. ஊரில் மனம் நொந்தவர் எல்லாரும் இரவில் அவனைத் தேடிவந்து தம் உள்ளத்தைக் கொட்டுவர். மனிதர் தாமாகவே வந்து பேசுவர் என்று நம்பி ஒரு காவியத்தைச் சமைத்தவர் ஆண்டர்சன். அவரே ஃபிராங்க்ளின் மாவட்டத்தில் கடைத்திண்ணையில் நிற்கிறார். எரிபொருள் நிலையத்தில் பேச்சுக் கொடுக்கிறார். எவரும் வாய் திறப்பதில்லை. வானிலை பற்றி ஒரு சொல், புகையிலை விலை பற்றி ஒரு சொல், அவ்வளவே. 1934 அக்டோபரில் ஜெஃபர்சன் ரிச்சர்ட்ஸ் என்னும் துணை ஷெரீப் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டுச்சதி பற்றிய விசாரணை நெருங்கிய வேளை அது. பேசுவோர்க்கு என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பேசாதவர்கள் நடுவே ஆண்டர்சன் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார். வில்லி கார்ட்டர் ஷார்ப் என்னும் அப்பெண் சாராயக் கார்களுக்கு முன்னே வழிகாட்டி ஓட்டியவள். பல்லில் வைரம் பதித்தவள் எனச் செய்தித்தாள்கள் கொண்டாடியவள். 1935 வழக்கில் சாட்சியம் சொன்னவள். வைரப் பல்லைத் தேடி ஓடும் எழுத்தாளருக்கு எதிரில் நிற்கும் மூன்று சகோதரர்கள் கண்ணில் படுவதே அரிதாகிறது. வண்ணம் மிக்க கதையை நாடிச் செல்லும் பேனா வண்ணமற்ற துயரத்தைக் கடந்து போய்விடும் என்னும் இந்தக் குத்தல், ஆண்டர்சனைக் குறித்ததாக மட்டும் தோன்றவில்லை. ஆசிரியர் தம்மையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். கவிதை எழுதுவோர்க்கும் இதில் பங்கு உண்டு.

ஆண்டர்சன் பகுதிகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்னும் குறை சொல்லப்படுவதுண்டு. தடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் அத்தடை இல்லையேல் இது மற்றுமொரு குருதிக் கதையாகவே முடிந்திருக்கும். நூலின் மெய்யான குறைகள் வேறிடத்தில் உள்ளன. உவமைகள் சில இடங்களில் ஊறலைப் போலவே அளவுக்கு மீறிப் பொங்குகின்றன. ஃபாரஸ்டோடு வாழும் மேகி என்னும் பெண்ணின் மௌனத்துக்கு ஆண்களின் மௌனத்துக்குக் கிடைத்த உட்புறம் கிடைக்கவில்லை. கழுத்தறுபட்ட அந்த இரவில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட ஃபாரஸ்ட் நடந்தானா என்பதே ஊருக்குப் பெரிதாயிற்று. ஊர் அப்படி இருந்திருக்கும். புதினமும் ஊரோடு சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை. ஆண்டர்சனின் சோர்வைச் சொல்லுமிடங்களில் ஆசிரியர் தம் சொந்தத் தயக்கத்தை அவர் தோளில் ஏற்றிவிடுவதும் உண்டு.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மாட் பாண்டுரண்ட் கதையில் வரும் ஜாக்கின் பேரன். ஹோவர்டும் ஃபாரஸ்டும் பாட்டனின் உடன்பிறந்தார். குடும்பத்தில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை அவர் அச்சில் ஏற்றியிருக்கிறார். அதற்கு அவருக்கு உரிமை உண்டா? மௌனம் சில வேளைகளில் கோழைத்தனம். சில வேளைகளில் மானம். சில வேளைகளில் பிள்ளைகளுக்குத் தரும் பாதுகாப்பு. எது எதுவெனப் பிரித்தறிய மறைந்தவர்களைக் கேட்க இயலாது. கிடைத்தவை செய்தித்தாள் துணுக்குகள், நீதிமன்ற ஏடுகள், உறவினர் வாய்மொழியாக வந்த சில கதைகள். எஞ்சிய இடமெல்லாம் கற்பனை என்பதை அவர் ஒளிக்கவில்லை. குறிப்பிடத்தக்கது என்னவெனில், பாட்டனை அவர் வீரனாக்கவில்லை. அஞ்சியவனாகவும், அண்ணன்மார் நிழலில் நின்றவனாகவும், பகட்டை விரும்பியவனாகவும் காட்டினார். குலப்பெருமை பேச வந்த பேரன் இவ்வாறு எழுதியிருக்கமாட்டான்.

1935 வழக்கின் முடிவும் நூலின் கசப்பை உறுதிப்படுத்துகிறது. மது விலக்கு நீங்கிய பின் நடந்த வழக்காதலால், கூட்டாட்சி அரசுக்குரிய மதுவரியை ஏய்க்கச் சதி செய்தனர் என்பதே குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டப்பட்டோருள் பெரும்பாலோர் தண்டிக்கப்பட்டனர். மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த கார்ட்டர் லீ விடுவிக்கப்பட்டார். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைகளை நடத்திய தளபதி ராபர்ட் லீயின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

ஆண்டர்சன் 1936இல் 'கிட் பிராண்டன்' என்னும் புதினத்தை வெளியிட்டார். சாராயக் கார் ஓட்டும் ஒரு மலைநாட்டுப் பெண்ணே அதன் தலைவி. 1941இல் அவர் மறைந்தார். உடன்பிறந்தார் மூவரின் கதை எழுதப்பட மேலும் அறுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

அக்கதை பேரனை வந்தடைந்த வழியை அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அவருடைய தந்தை குடும்ப வரலாற்றைத் தேடியபோது, பாலத்தில் நடந்த துப்பாக்கிச்சூடு பற்றிய பழைய செய்தி ஒன்று கண்ணில் பட்டது. அதுவரை வீட்டில் எவரும் அதைச் சொன்னதில்லை. முதியவராகியிருந்த ஜாக்கிடம் சென்று, இது உண்மையா என்று மகன் கேட்டார். ஜாக் ஆம் என்றார். சட்டையை உயர்த்தி, கை இடுக்கின் கீழே குண்டு புகுந்த தழும்பைக் காட்டினார்.